'நிறை' என்று தேடினால் எது வரவேண்டும்?

போன வருஷம் ஒரு சின்ன எழுத்து வேலை கைக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய அறிவியல் சோதனைகள், பக்கத்துக்கு ஒன்றாக எட்டுப் பக்கம். தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஆறாம் பக்கத்தில் வில் தராசை வைத்து ஒரு சோதனை. அதன் கீழே இப்படி ஒரு வரி: "ஒரு பொருளை நிலவுக்கே கொண்டுபோனாலும் அதன் நிறை மாறாது, எடை மட்டும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறையும்."

தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்து வளர்ந்த யாரிடம் காட்டினாலும் சரி என்றுதான் சொல்வார்கள். நானும் அந்த வரியை இன்னொரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தத் தாள் எப்படியோ யாழ்ப்பாணத்தில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நண்பர் ஒருவரிடம் என் எண்ணை வாங்கிக் கூப்பிட்டார்.

"தம்பி, நல்லாத்தான் எழுதியிருக்கிறியள். ஆனா நிறை மாறாது எண்டு போட்டிருக்கிறியள். நிறைதானே மாறும்? திணிவெல்லோ மாறாது. பிள்ளையள் இதை வாசிச்சுப்போட்டுச் சோதினையில எழுதினா பிழை எண்டு வெட்டிப்போடுவினம்."

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம்தான் புரிந்தது. இலங்கைப் பாடநூல்களில் மாஸ் என்பது திணிவு, வெயிட் என்பது நிறை. தமிழ்நாட்டில் மாஸ் என்பது நிறை, வெயிட் என்பது எடை. நிறை என்கிற ஒரே சொல் பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் ஒரு கருத்தையும் அந்தப் பக்கம் வேறொரு கருத்தையும் குறிக்கிறது. அதுவும் எந்த இரண்டை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது என்று ஆசிரியர்கள் தொண்டை வற்றக் கத்துகிறார்களோ அந்த இரண்டை! என் வரியை அவருடைய கண்ணால் படித்தால், நிலவுக்குப் போனாலும் வெயிட் மாறாது என்று ஆகிறது. தலைகீழ்.

பேசப்பேச இன்னும் வந்தன. ஸ்பீடு நமக்கு வேகம், அவர்களுக்குக் கதி. வெலாசிட்டி நமக்குத் திசைவேகம், அவர்களுக்கு வேகம். மறுபடியும் அதே விளையாட்டு: வேகம் என்ற சொல் இரண்டு நாட்டிலும் இருக்கிறது, இரண்டு நாட்டிலும் ஒன்றல்ல. ஆக்சிலரேஷன் நமக்கு முடுக்கம், அவர்களுக்கு ஆர்முடுகல். இது பரவாயில்லை, தெரியாத சொல் என்றால் நின்று கேட்போம். தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போதுதான் நிற்காமல் கடந்துபோய்விடுகிறோம்.

இத்தனைக்கும் நான் அகராதி பார்க்காமல் எழுதுகிறவன் இல்லை. பல வருஷமாகச் சேர்த்துவரும் ஒரு கலைச்சொல் தொகுப்பு என்னிடம் இருக்கிறது. முதலில் விரிதாளாக இருந்தது, பிறகு தரவுத்தளமாக்கி இணையத்தில் ஏற்றினேன், இப்போது நண்பர்கள் சிலரும் அதில் தேடுகிறார்கள். திணிவு அதில் இருக்கிறது. நானே தட்டச்சு செய்து ஏற்றியது. அப்படியிருக்க, மாஸ் என்று தேடியபோது நிறை மட்டும் வந்தது ஏன்? அந்த ஒரு பதிவு எங்கே தொலைந்தது என்று தேடப் போனேன். கலைச்சொல் தொகுப்பில் வடிகட்டுவது என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் ஓரளவு விளங்கியது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

சொல்லா, கருத்தா?

முதலில் ஒரு அடிப்படை விஷயம். சாதாரண அகராதி சொல்லில் தொடங்கும். 'நிறை' என்று தலைச்சொல் போட்டு, நிறைவு, நிறுத்தல் அளவு, மனத்தை ஒருநிலையில் நிறுத்தும் உறுதி என்று பொருள்களை வரிசையாக அடுக்கும். 1924-லிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இந்த வகை. கலைச்சொல் தொகுப்பு அப்படி இல்லை. அது கருத்தில் தொடங்கவேண்டும். 'ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு' என்பது ஒரு கருத்து, ஒரு பதிவு. அந்தக் கருத்துக்கு யார் யார் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது அதற்கு அடியில் வரும்.

இதை நன்றாகச் செய்திருக்கிற இடம் ஒன்றைச் சொல்லவேண்டுமானால் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐயேட் தொகுப்பு. ஐரோப்பிய ஆணையம் 1975-ல் தொடங்கிய யூரோடிக்காட்டம், ஒன்றியத்தின் மற்ற அமைப்புகள் தனித்தனியே வைத்திருந்த தொகுப்புகள் எல்லாம் ஒன்றாகி வந்தது அது. 2004-லிருந்து உள்ளே இருப்பவர்களுக்கு, 2007-லிருந்து எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 24 ஆட்சிமொழிகள். சட்டம் ஒன்றை ஒரே சமயத்தில் அத்தனை மொழியிலும் வெளியிடவேண்டியவர்கள் என்பதால் அவர்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை.

அங்கே ஒரு பதிவு மூன்று மாடி வீடு போல இருக்கும். மேல் மாடியில் கருத்து: அது எந்தத் துறையைச் சேர்ந்தது என்பது இங்கே. நடு மாடியில் மொழி: அந்த மொழியில் வரையறை. கீழ் மாடியில் சொல்: அது எங்கிருந்து எடுத்தது, எவ்வளவு நம்பலாம், இன்னும் வழக்கில் உள்ளதா. வடிகட்டி என்பது இந்த மாடிகளில் ஏதோ ஒன்றில் நின்று கேட்கும் கேள்விதான். துறை என்ன என்று கேட்டால் மேல் மாடியில் பதில், நம்பலாமா என்று கேட்டால் கீழ் மாடியில் பதில். அந்தந்தக் கேள்விக்கான பதில் அந்தந்த மாடியில் இருந்தால் பிரச்சினை இல்லை.

என் விரிதாளில் மாடியே கிடையாது. எல்லாம் தரைத்தளம். ஒரு வரிக்கு ஒரு சொல், பக்கத்தில் ஆங்கிலச் சொல், அதற்குப் பக்கத்தில் துறை. அங்கேதான் முதல் ஓட்டை.

முதல் ஓட்டை: துறைப் பெயர்

துறையால் வடிகட்டுவதுதான் எல்லோரும் முதலில் கேட்பது, நியாயமும்கூட. செல் என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரியலில் உயிரணு, மின்னியலில் மின்கலம், சிறைத்துறையில் சிறையறை, விரிதாளில் சிற்றறை என்றோ கட்டம் என்றோ எழுதுகிறார்கள். பிளாண்ட் என்றால் தாவரம், பொறியியலுக்குப் போனால் ஆலை. கல்ச்சர் என்றால் பண்பாடு, நுண்ணுயிரியலில் வளர்ப்பு. துறை போடாமல் தேடினால் எல்லாம் கலந்து வந்து விழும்.

இலங்கைக் கலைச்சொற்களை நான் ஏற்றியபோது, அந்த நூலில் இருந்த துறைப் பெயரையே அப்படியே போட்டிருந்தேன்: பௌதிகவியல். தமிழ்நாட்டுச் சொற்களுக்கு இயற்பியல். இரண்டும் ஒரே துறை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், கணினிக்குத் தெரியாது. 'இயற்பியல்' என்று வடிகட்டினால் திணிவு, கதி, ஆர்முடுகல், எதுவும் வராது. துறை என்பது கருத்தோடு ஒட்டியிருக்கவேண்டிய விஷயம். அதைச் சொல்லோடு ஒட்டிவிட்டேன். ஒரே கருத்தின் இரண்டு பெயர்கள் இரண்டு துறைக்குப் பிரிந்து போய்விட்டன.

இதைக் கண்டுபிடித்ததும் ஒரு அட்டவணை போட்டு, பௌதிகவியல், பௌதிகம், இயற்பியல் எல்லாவற்றையும் ஒரே குறியீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்படியும் கொஞ்சம் வரவில்லை. இது அடுத்த வேடிக்கை. பௌதிகவியல் என்று எழுதியதில் பாதி பெளதிகவியல் என்று இருந்தது. இரண்டையும் உற்றுப் பாருங்க. முதலாவது ஔகாரக் குறி போட்ட உயிர்மெய். இரண்டாவது 'பெ' என்ற எழுத்தும் 'ள' என்ற எழுத்தும் பக்கம் பக்கமாக. பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல்.

எழுத்துச் சங்கதி இன்னும் இருக்கிறது. கொ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது க-வோடு ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கோ-வும் அப்படித்தான். இவை இரண்டும் சமம் என்று யூனிகோடு தரப்படுத்தலே சொல்கிறது. சொற்களை உள்ளே எடுக்கும்போது ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும். அதற்குப் பல நிரல்மொழிகளில் ஆயத்தமாக ஒரு கட்டளை உண்டு. ஆனால் 'பெள' சங்கதிக்கு அந்த மருந்து வேலை செய்யாது. ஏனென்றால் அது குறியீட்டு வேறுபாடு இல்லை, எழுத்துப்பிழை. வெள்ளம், பெளர்ணமி இரண்டும் தொகுப்பில் இருந்தால், எது நிஜமான ளகரம், எது வேடம் போட்ட ஔகாரம் என்று ஆள்தான் பார்க்கவேண்டும். எகரக் கொம்புக்குப் பின் ள, அதற்குப் பின் வேறொரு மெய் அல்லது உயிர்மெய் என்று தேடி எடுத்து, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

புணர்ச்சி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வில் தராசு என்று நாம் பிரித்து எழுதுகிறோம். இலங்கைப் பாடநூலில் விற்றராசு. இலக்கணம் அவர்கள் பக்கம்தான். ஆனால் 'வில்' என்று தொடங்கும் பதிவுகள் என்று வடிகட்டினால் விற்றராசு வராது. 'தராசு' என்று முடியும் பதிவுகள் என்றாலும் வராது, ஏனென்றால் அந்தத் தகரம் றகரமாகிவிட்டது. முன்னாலும் பிடிக்கமுடியாது, பின்னாலும் பிடிக்கமுடியாது. இதற்கு ஒரே வழி, பதிவுக்குள் 'வில் + தராசு' என்று பிரித்த வடிவத்தையும் மறைவாக ஒரு புலத்தில் வைத்துவிடுவது. தேடல் அதையும் பார்க்கும். வேலை அதிகம்தான்; எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இரண்டாவது ஓட்டை: வெற்றிடம்

எழுத்துகளைச் சரிசெய்தேன், துறையைச் சரிசெய்தேன். மாஸ் என்று தேடினேன். திணிவு இன்னும் வரவில்லை.

என் தேடல் பக்கத்தில் 'வழக்கிழந்தவை வேண்டாம்' என்று ஒரு பெட்டி, எப்போதும் டிக் போட்டே இருக்கும். ஆக்சிஜன் என்று தேடுகிறவருக்குப் பிராணவாயு, பிராணவாயு என்று பத்துத் தடவை வரக்கூடாது என்று வைத்தது. நிலை என்ற புலத்தில் 'வழக்கிழந்தது' என்று இருந்தால் காட்டாதே. எளிமையான கட்டளை. விரிதாளில் இருந்தவரை சரியாகவே வேலை செய்தது.

தரவுத்தளத்துக்கு மாற்றியதும் அதே கட்டளை வேறு பொருள் கொண்டுவிட்டது. எஸ்கியூஎல் மொழியில் ஒரு புலம் காலியாக இருந்தால், அதில் என்ன இருக்கிறது என்று 'தெரியாது' என்றே கணக்கு. தெரியாத ஒன்று 'வழக்கிழந்தது' என்பதற்குச் சமமா என்று கேட்டால் பதில் தெரியாது. சமமில்லையா என்று கேட்டாலும் பதில் தெரியாது. 'ஆம்' என்று பதில் வந்த வரிகளை மட்டும்தான் அது வெளியே விடும். ஆக, 'வழக்கிழந்தது அல்லாதவை' என்று கேட்டால், நிலை என்ன என்று குறிக்காத அத்தனை வரிகளும் சத்தமில்லாமல் விழுந்துவிடும். விரிதாளோ காலிக் கட்டத்தை 'அந்தச் சொல் இல்லை, எனவே சமமில்லை' என்று எடுத்துக்கொண்டு காட்டிவிடும். ஒரே கேள்வி, இரண்டு கருவி, இரண்டு பதில்.

ஒரு கணக்குக்குப் பாருங்க. பத்துப் பதிவுகள். மூன்றில் வழக்கிழந்தது, இரண்டில் வழக்கில் உள்ளது, ஐந்து காலி. வழக்கிழந்ததை நீக்கு என்றால் நாம் எதிர்பார்ப்பது ஏழு. தரவுத்தளம் தருவது இரண்டு. திரையில் இரண்டு சுத்தமான பதில்கள் வரும், பார்க்க அழகாகவே இருக்கும். ஐந்து காணாமல்போனது என்று எந்த எச்சரிக்கையும் வராது.

இலங்கைச் சொற்களுக்கு நான் நிலை குறிக்கவே இல்லை. எனக்கு அந்த வழக்கு பழக்கமில்லை என்பதால், எது இன்று வகுப்பறையில் இருக்கிறது, எது போய்விட்டது என்று தெரியாமல், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது. அந்தக் காலிக் கட்டங்கள்தான் மொத்தமாக விழுந்திருக்கின்றன. எனக்குத் தெரியாதது எல்லாம் இல்லாதது ஆகிவிட்டது. திருத்தம் அரை வரிதான்: 'அல்லது காலியாக இருந்தாலும்' என்று கட்டளையில் சேர்க்கவேண்டும்.

வழக்கிழந்தது என்ற குறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாருக்கு வழக்கிழந்தது? யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் கிரீன் 19-ஆம் நூற்றாண்டில் தமிழில் எழுதவைத்த மருத்துவ நூல்களை வாசிக்கிறவருக்கு அந்தச் சொற்கள்தான் வேண்டும். 1916-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தின் சொற்களைத் தேடுகிறவருக்கும் அப்படியே. ஐயேட்டில் இதற்குப் பல படி வைத்திருக்கிறார்கள்: விரும்பத்தக்கது, ஏற்கத்தக்கது, முன்மொழியப்பட்டது, தவிர்க்கவேண்டியது, வழக்கிழந்தது. தவிர்க்கவேண்டியது வேறு, வழக்கிழந்தது வேறு என்ற பிரிவு எனக்குப் பிடித்திருக்கிறது. பிராணவாயு என்பது தவறான சொல் இல்லை, பழைய சொல். அவ்வளவுதான்.

மூன்றாவது ஓட்டை: இரண்டு சாட்சி

இது நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த வடிகட்டி. 'குறைந்தது இரண்டு மூலங்களில் இருக்கும் சொற்களை மட்டும் காட்டு.' யாரோ ஒருவர் ஒரே ஒரு பட்டியலில் எழுதிய விநோதச் சொல் மேலே வந்து நிற்கக்கூடாது என்பதற்காக. கேட்கும்போது நியாயமாக இருக்கிறது, இல்லீங்களா?

மூலங்கள் என்று நான் எண்ணியது எவை? 2001-ல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் துறைவாரிக் கலைச்சொல் தொகுப்பு ஒன்று. தமிழ் விக்சனரி ஒன்று. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் பின்னிணைப்பு. இன்னும் சில. இதில் விக்சனரியின் ஆங்கிலச் சொற்களில் பெரும்பகுதி, அந்த இணையப் பல்கலைக்கழகத் தொகுப்பைத் தானியங்கி நிரல் கொண்டு ஏற்றியதுதான். ஏற்றியது நல்ல காரியம். அதனால் லட்சக்கணக்கான தேடல்களுக்குப் பதில் கிடைத்தது. ஆனால் என் கணக்கில் அது இரண்டாவது சாட்சி ஆகிவிட்டது. முதல் ஆள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறவர் எப்படி இரண்டாவது சாட்சி ஆவார்?

அதே சமயம் இலங்கைச் சொற்களுக்கு என்னிடம் இருந்தது ஒரே மூலம். அங்கே அரசகரும மொழித் திணைக்களம் 1950-களிலிருந்து துறை துறையாகக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது, பாடநூல்கள் அதைப் பின்பற்றின. எனக்குக் கிடைத்தது அந்த வரிசையில் சில. ஒரு நாட்டின் மொத்தப் பள்ளிக்கூடமும் பயன்படுத்துகிற சொல், என் வடிகட்டிக்கு 'ஒரே மூலம், நம்பமுடியாது'. இதில் எனக்கே வெட்கமான ஒரு விஷயம் உண்டு. வெயிட் என்பதற்கு நிறை என்று ஒரு பதிவை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, யாரோ மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று பக்கத்தில் 'பிழை?' என்று எழுதி வைத்திருந்தேன். அந்தக் கேள்விக்குறி இன்னமும் இருக்கிறது, அழிக்க மனமில்லை.

ஐயேட்டில் நம்பகத்துக்கு 1 முதல் 4 வரை குறியீடு. 1 என்றால் சரிபார்க்காதது, 2 குறைந்தபட்ச நம்பகம், 3 நம்பகமானது, 4 மிகவும் நம்பகமானது. மேல் படிகளை எந்திரம் எண்ணிப் போடுவதில்லை. அந்த மொழியின் கலைச்சொல் வல்லுநர் ஒருவர், மூலம் என்ன, யார் சொன்னது என்று பார்த்துப் போடுகிறார். எத்தனை இடத்தில் இருக்கிறது என்பது பரவலைச் சொல்லும். நம்பலாமா என்பதைச் சொல்லாது. நான் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டேன்.

நாடு என்று ஒரு புலம்

இத்தனை ஓட்டைகளையும் அடைத்த பிறகு மாஸ் என்று தேடினேன். திணிவு வந்தது, நிறை வந்தது. வெயிட் என்று தேடினேன். எடை, நிறை. இப்போது பிரச்சினை மறுபடி முதலிலிருந்து: இதைப் பார்க்கிற ஒரு மாணவிக்கு என்ன புரியும்? இரண்டிலும் நிறை இருக்கிறதே! முன்பாவது ஒரு பாதி சரியாக இருந்தது, இப்போது முழுக் குழப்பம்.

கடைசியில் தேவைப்பட்டது ஒரே ஒரு புலம்: எந்த நாட்டு வழக்கு. இதைச் சொல் மாடியில் வைக்கவேண்டும், கருத்து மாடியில் அல்ல, மொழி மாடியிலும் அல்ல. இலங்கைத் தமிழை வேறு மொழியாகப் பிரித்து வைத்தால் ஆக்கம் பாதி போய்விடும். அடர்த்தி, உந்தம், வேலை என்று இரண்டு பக்கமும் ஒன்றாகவே வழங்குகிற சொற்கள் நிறைய இருக்கின்றன, அமிலமும் அப்படித்தான். பிரிவது சில இடங்களில், ஆனால் முக்கியமான இடங்களில்.

ஜெர்மன் மொழிக்காரர்கள் இதை ஓர் ஒப்பந்தமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 1995-ல் ஆஸ்திரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, சேரும் ஒப்பந்தத்தோடு பத்தாவது நெறிமுறை என்று ஒன்று இணைத்தார்கள். அதில் 23 உணவுச் சொற்கள். தக்காளி ஜெர்மனியில் டொமாட்டன் என்றால் ஆஸ்திரியாவில் பாரடைசர். உருளைக்கிழங்கு அங்கே கார்டோஃபெல்ன், இங்கே எர்டேப்ஃபெல். ஆஸ்திரியச் சொற்களுக்கும் ஒன்றியச் சட்டத்தில் அதே மதிப்பு உண்டு என்று அந்த நெறிமுறை சொல்கிறது. தக்காளிக்கே இவ்வளவு! நம்முடையதில் குழம்புவது மாஸும் வெயிட்டும்.

நாடு என்ற புலம் வந்ததும் எனக்கு ஒரு ஆசை வந்தது, வாசகர் இருக்கும் இடத்தைப் பார்த்துத் தானாகவே அந்த நாட்டுச் சொல்லை மட்டும் காட்டிவிடலாமே என்று. செய்தும் பார்த்தேன். இரண்டு நாளில் எடுத்துவிட்டேன். டொராண்டோவில் இருந்து தேடுகிறவர் எந்த நாடு? சென்னையில் உட்கார்ந்துகொண்டு யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்கு எழுதுகிற என்னைப் போன்றவருக்கு எதைக் காட்டும்? தேடுகிறவர் எங்கே இருக்கிறார் என்பது முக்கியமில்லை, யாருக்காகத் தேடுகிறார் என்பதுதான் முக்கியம், அதை அவர்தான் சொல்லவேண்டும்.

மறைப்பதா, கீழே தள்ளுவதா?

இதில் எனக்கு இப்போது ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. வடிகட்டி எதையும் முழுசாக மறைக்கக் கூடாது என்பதுதான் அது. துறை விஷயத்தில் மறைக்கலாம். மின்கலம் தேடுகிறவருக்குச் சிறையறை வேண்டாம். மற்ற எல்லாவற்றுக்கும், பொருந்துவதை மேலே வை, பொருந்தாததைக் கீழே வை, நடுவில் ஒரு கோடு போட்டு "இதற்குக் கீழே இன்னும் இத்தனை பதிவுகள்" என்று எண்ணிக்கையைச் சொல். அந்த எண்ணிக்கை மட்டும் அன்றைக்கு என் திரையில் இருந்திருந்தால், மாஸ் என்று தேடியபோது "மறைக்கப்பட்டவை 1" என்று பார்த்திருப்பேன். சொடுக்கியிருப்பேன்.

இதே காரணத்தால்தான், கிரந்த எழுத்து உள்ள சொற்களை நீக்கிவிடும் பொத்தான் ஒன்று வையுங்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டபோது தயங்கினேன். செய்வது சுலபம்; ஜ, ஷ, ஸ, ஹ, நான்கு குறியெண்கள், ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் அதை அழுத்தினால் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் போய்விடும். உயிர்வளி நல்ல சொல்தான். தமிழ்நாட்டில் பரீட்சை எழுதப் போகிற பையனின் புத்தகத்தில் ஆக்சிஜன் என்றுதான் இருக்கிறது. இலங்கையின் ஒட்சிசன், ஐதரசன் இரண்டும் அந்தப் பொத்தானுக்குத் தப்பிவிடும், அது வேறு கதை. கடைசியில் பொத்தானை வைத்தேன், நீக்குவதற்கு அல்ல, வரிசை மாற்றுவதற்கு. உயிர்வளி மேலே வரும், ஆக்சிஜன் அடுத்து நிற்கும். நண்பருக்கு முழுத் திருப்தி இல்லை.

இனி நீங்கள் இணையத்தில் எந்தக் கலைச்சொல் அகராதியைத் திறந்தாலும் சில விஷயங்களைச் செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் வடிகட்டி எதுவும் போடாமல் ஒருமுறை தேடுங்கள், எத்தனை வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு துறையைப் போட்டுத் தேடுங்கள். எண்ணிக்கை பத்திலிருந்து ஒன்றாகக் குறைந்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். கிடைத்த தமிழ்ச் சொல்லைத் திருப்பிப் போட்டுத் தேடுங்கள். நிறை என்று திருப்பித் தேடியிருந்தால் எனக்கு வெயிட்டும் வந்திருக்கும், அங்கேயே நின்றிருப்பேன். விக்சனரியில் பக்கங்கள் பகுப்புகளில் இருப்பதால், தேடல் பெட்டியில் பகுப்பைக் குறிப்பிட்டும் சுருக்கலாம். ஆனால் பகுப்பு இடாத பக்கம் அந்த வலையில் விழாது என்பது நினைவிருக்கட்டும். வரையறை இருந்தால் அதைப் படியுங்கள். சொல்லுக்குச் சொல் மட்டும் கொடுத்து வரையறை கொடுக்காத தொகுப்பில், இரண்டு நாட்டு 'வேகம்' இரண்டையும் பிரித்துக் காட்ட வழியே இல்லை.

அந்த எட்டுப் பக்கத் தாளைத் திருத்தி, இலங்கைக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்கு ஒன்று என்று இரண்டு பதிப்பாக்கினோம். ஆசிரியருக்கு இலங்கைப் பதிப்பை அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டார்.

"ஆறாம் பக்கம் இப்ப சரி தம்பி. ஏழாம் பக்கத்தில திறன் எண்டு ஒண்டு போட்டிருக்கிறியள், அது என்ன?"

பவர் என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தேன். நாடு என்ற பெட்டியில் இலங்கையைத் தேர்ந்து தேடினேன். வலு என்று வந்தது. அதே பக்கத்தில் ஆற்றல் என்று எழுதியிருந்ததையும் தேடினேன். சக்தி. இரண்டையும் மாற்றி அன்று இரவே திருப்பி அனுப்பினேன்.